இரவல் வாங்கி இடி முழக்குவது எப்படி?

த்ராஷ் மெட்டல் குழு ஆரம்பிக்க ஆசைப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் தப்பான பட்டியலோடுதான் வருகிறார்கள். கூர்மூக்கு கிடார், இரண்டு கால்களுக்கும் வேலை வைக்கும் டிரம்ஸ், தோள் தாண்டிய தலைமுடி, கறுப்புச் சட்டை. இதெல்லாம் நின்று நிதானமாகச் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் வேண்டியது கூச்சம் விட்டுப்போன முகம். 'இதைக் கொஞ்சம் கொடுங்களேன், அடுத்த வாரம் தந்துவிடுகிறேன்' என்று சொல்லும்போது கண் இமைக்கக் கூடாது. அந்தப் பயிற்சி முடிந்துவிட்டால் பாக்கியெல்லாம் தானாக வந்து சேரும். அதாவது அடுத்தவர் வீட்டிலிருந்து வந்து சேரும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெட்டாலிகா என்ற குழு 1981 முதல் 1984 வரை செய்ததை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிவைத்தால் போதும், அதுவே பாடத்திட்டம். மேலே படியுங்கள்.

முதல் வேலை, வேறு ஏதாவது ஒரு துறையில் தோற்றுப்போவது. டிரம்மர் லார்ஸ் உல்ரிக் டென்மார்க்கில் பெரிய இடத்துப் பிள்ளை. அப்பா டோர்பென் உல்ரிக் அந்த நாட்டுக்காக டேவிஸ் கோப்பை ஆடியவர், ஜாஸ் இசையைப் பற்றி எழுதியவர். ஜாஸ் சாக்ஸஃபோன் மேதை டெக்ஸ்டர் கார்டன்தான் பையனுக்கு ஞானத்தந்தை. ஒன்பது வயதில், 1973இல், கோபன்ஹேகனில் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் கச்சேரிக்குப் போய் வந்ததிலிருந்து பையனுக்குக் கிறுக்குப் பிடித்தது. டிரம்ஸ் வாங்கிக் கொடுத்தது பாட்டி. (எந்த ஊரிலும் பாட்டிகள்தான் முதல் தயாரிப்பாளர்கள்.) 1980இல் டென்னிஸில் பெரிய ஆளாக வரவேண்டும் என்று குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் கூட்டிப்போனது. அங்கே பள்ளிக்கூட அணியில்கூட இடம் கிடைக்கவில்லை. மட்டை கீழே வந்தது, குச்சிகள் மேலே போயின.

அடுத்து, பத்திரிகையில் வரி விளம்பரம் கொடுங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 'தி ரீசைக்ளர்' என்று ஒரு பத்திரிகை. பழைய சாமான் வாங்க, விற்க எல்லோரும் புரட்டும் தாள். அதில் 17 வயது லார்ஸ் கூட வாசிக்க ஆள் தேடி விளம்பரம் போட்டார். தனக்குப் பிடித்த பிரிட்டிஷ் குழுக்களின் பெயர்களைப் போட்டாரே தவிர, தான் எப்படி வாசிப்பார் என்று ஒரு வார்த்தை இல்லை. அதுதான் சாமர்த்தியம். விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்களோடு வந்தார் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், அதிகம் பேசாத பையன். அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்துவிட்டு, ஸ்டிக்கர் அச்சடிக்கும் ஆலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். முதல் சந்திப்பில் லார்ஸின் டிரம்ஸோடு இருந்த சிம்பல் தட்டு அடிக்கொரு தடவை சாய்ந்து விழுந்தது. பாட்டை நிறுத்தி, அதை நிமிர்த்தி, மறுபடி ஆரம்பித்து, மறுபடி விழுந்து. ஹெட்ஃபீல்ட் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு போய்விட்டார்.

இப்படி நடந்தால் மனம் தளராதீர்கள். விமானம் ஏறி யார் வீட்டுக்காவது போய்த் தங்குங்கள். லார்ஸ் அந்தக் கோடையில் இங்கிலாந்துக்குப் போனார். டைமண்ட் ஹெட் என்ற குழுவின் கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் நுழைந்து, உங்களைப் பார்க்கவே கலிஃபோர்னியாவிலிருந்து வந்தேன் என்றார். அவ்வளவு தூரம் வந்த பையனை எங்கே போகச் சொல்வது? அவர்கள் வீடுகளிலேயே சில வாரம் இருந்தார். அவர்கள் பாட்டு எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். இந்த விருந்தோம்பலுக்குப் பின்னால் வட்டி உண்டு, வருகிறேன்.

ஊர் திரும்பியதும் செய்யவேண்டியது, குழு இல்லாமலே இசைத்தட்டில் இடம் பிடிப்பது. பிரையன் ஸ்லேகல் என்ற நண்பர், இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, உள்ளூர்க் குழுக்களின் பாட்டுகளைத் திரட்டி 'மெட்டல் மஸாக்கர்' என்று ஒரு தொகுப்பு போடத் திட்டமிட்டிருந்தார். 'நான் ஒரு குழு ஆரம்பித்தால் சேர்த்துக்கொள்வாயா?' என்று லார்ஸ் கேட்டார். அவரும் நட்புக்காகச் சரி என்றார். உடனே ஹெட்ஃபீல்டுக்குப் போன். இசைத்தட்டில் இடம் காத்திருக்கிறது என்றதும் சிம்பல் விழுந்ததெல்லாம் மறந்துபோனது. மண்டபத்தைப் பிடித்துவிட்டுப் பெண் தேடுவது என்பார்களே, அந்த முறை. 1981 அக்டோபரில் குழு பிறந்தது இப்படித்தான்.

குழுவில் இருந்தது இரண்டே பேர். ஹெட்ஃபீல்டே பாடி, கிடாரும், தாழ்ந்த சுருதிக்கான பாஸ் கிடாரும் வாசித்தார். நடுவில் வரும் தனி கிடாருக்கு லாய்டு கிரான்ட் என்பவரை இரவல் வாங்கினார்கள். நாலு தடப் பதிவுக் கருவியில் ஏற்றிய 'ஹிட் த லைட்ஸ்' என்ற பாட்டைக் கடைசி நாளில், கடைசி மணியில், கேசட்டாகக் கொண்டுவந்து நீட்டினார் லார்ஸ். கேசட்டை அப்படியே வைத்து இசைத்தட்டு வெட்ட முடியாது, பெரிய ரீலுக்கு மாற்ற வேண்டும், அதற்கு 50 டாலர் என்றார்கள். லார்ஸ் பையில் காசில்லை. ஸ்லேகல் பையிலும் இல்லை. பக்கத்தில் நின்றிருந்த ஜான் கோர்னாரென்ஸ் என்ற நண்பரின் பர்ஸில் இருந்தது. 1982 ஜூனில் தொகுப்பு வெளிவந்தபோது உறையில் குழுவின் பெயரில் ஒரு 'டி' கூடுதலாக அச்சாகியிருந்தது. கடன் வாங்கிய காசில் எழுத்தாவது தாராளமாகக் கிடைத்ததே என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெயரும் சொந்தப் பெயரல்ல. சான் ஃபிரான்சிஸ்கோவில் ரான் குயின்டானா என்ற ரசிகர் ஒரு மெட்டல் பத்திரிகை ஆரம்பிக்க நினைத்து, பெயர்ப் பட்டியலை லார்ஸிடம் காட்டி யோசனை கேட்டார். பட்டியலில் 'மெட்டல் மேனியா' இருந்தது, 'மெட்டாலிகா'வும் இருந்தது. 'மெட்டல் மேனியாதான் பிரமாதம், அதையே வைத்துக்கொள்' என்றார் லார்ஸ். நல்ல யோசனை சொன்னதற்குக் கூலியாக இன்னொன்றை அவர் எடுத்துக்கொண்டார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் 'உங்களுக்கு இனிப்பு ஒத்துக்காதே' என்று சொல்கிறவரைப் பார்த்திருப்பீர்கள்.

இனித்தான் முக்கியமான கட்டம். கவனமாகப் படியுங்கள். உங்களுக்கு ஒரு ரான் மெக்கவ்னி வேண்டும்.

ரான் ஹெட்ஃபீல்டின் பள்ளித் தோழர். அவருடைய பெற்றோருக்கு நார்வாக் என்ற இடத்தில் ஒரு வீடு இருந்தது. நெடுஞ்சாலைக்காக எப்படியும் இடிபடப்போகும் வீடு என்பதால் நண்பர்கள் இருவரையும் வாடகையில்லாமல் அங்கே இருக்கவிட்டார்கள். இந்த வரியை இரண்டாம் முறை படியுங்கள்: இடிக்கப்போகிற வீடு. த்ராஷ் மெட்டலுக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி கிடைக்காது, அக்கம்பக்கத்தார் என்ன புகார் சொல்லி என்ன ஆகப்போகிறது! கார் நிறுத்தும் ஷெட்டில் சத்தம் வெளியே போகாமல் சுவரடைத்து, கறுப்புச் சாயம் பூசி, தரையில் சிவப்புக் கம்பளம் போட்டார்கள். ரானுக்கு பாஸ் வாசிக்கத் தெரியாது. அதனால் என்ன, ஹெட்ஃபீல்ட் சொல்லிக் கொடுத்தார். ஷெட் உள்ளவனுக்கு பாஸ் கற்றுக்கொடுக்கலாம், பாஸ் தெரிந்தவனுக்கு ஷெட் கட்டிக் கொடுக்க முடியுமா?

ரானிடம் வேறு சில சங்கதிகளும் இருந்தன. அப்பாவின் பிக்கப் வண்டி. ஒரு கிரெடிட் கார்டு. 1982 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசிக்கக் கூப்பிட்டபோது, வாடகை டிரெய்லரை அந்தக் கார்டில் எடுத்து, அப்பாவின் வண்டியில் கட்டி, ஏறக்குறைய 600 கிலோமீட்டர் ஓட்டிப்போனவர் அவர்தான். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து குடித்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர், ஓட்டுநர், பொருளாளர், பாஸ் வாசிப்பவர் என நாலு பதவியும் ஒரே ஆள், சம்பளம் பூஜ்யம். பின்னாளில் தன் நிலைமையை நினைத்து அவர் பேட்டிகளில் பொருமியிருக்கிறார். பொருமாமல் என்ன செய்வார்.

தனி கிடாருக்கு ஆள் எடுக்கும்போது வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அதே ரீசைக்ளரில் போட்ட இன்னொரு விளம்பரத்தைப் பார்த்து டேவ் மஸ்டைன் வந்தார். ஆம்பிளிஃபயர்களை இறக்கி அடுக்கி, விரலைச் சூடாக்கிக்கொள்ள எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். எப்போது ஆரம்பிக்கலாம் என்று பார்த்தால், நீ தேர்வாகிவிட்டாய் என்றார்கள். ஆளும் கெட்டி, கருவிகளும் கெட்டி.

முதல் கச்சேரி 1982 மார்ச் 14, அனஹைம் நகரில் ரேடியோ சிட்டி என்ற இடம். முதல் பாட்டிலேயே மஸ்டைனின் கிடார்க் கம்பி அறுந்தது. மாற்றுக் கம்பியைத் தேடி, மாட்டி, சுருதி சேர்க்கும்வரை மற்ற மூவரும் மேடையில் நின்றுகொண்டே இருந்தார்கள். மேடையில் பேசவும் ஹெட்ஃபீல்டுக்கு அப்போது வாய் வராது. சொல்லப்போனால் பாடவே அவருக்கு விருப்பமில்லை, வேறு பாடகர் கிடைத்தால் மைக்கைக் கொடுத்துவிட்டு கிடாரோடு ஒதுங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அன்றைக்குக் கிடைத்த வருமானம் 15 டாலர். உங்கள் முதல் கச்சேரிக்கு அதைவிடக் குறைவாக வந்தால் வருத்தப்படுங்கள்.

வாசித்தவற்றில் பாதிக்கு மேல் அடுத்தவர் பாட்டு, அதிலும் டைமண்ட் ஹெட் பாட்டே அதிகம். மேடையில் அதைச் சொல்லவில்லை. இது இன்னாருடைய பாட்டு என்று அறிவிக்காவிட்டால் கேட்பவர் நம்முடையது என்று நினைத்துக்கொள்வார், நாம் பொய்யும் சொல்லவில்லை. நான் சொன்ன வட்டி இதுதான். ஆனால் கணக்கு ஒருதலையாக முடியவில்லை. 'ஆம் ஐ ஈவில்?' என்ற பாட்டைப் பின்னால் முறைப்படி பதிவு செய்து வெளியிட்டபோது டைமண்ட் ஹெட்டுக்கு உரிமைத்தொகை போனது. அந்தக் குழுவின் சொந்த விற்பனை தந்ததைவிட அது தாராளம். வீட்டுக்கு வந்த விருந்தாளி எவனும் வீணில்லை.

இந்த இரவல் பட்டியலில் சேராத ஒரே சரக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். அது ஹெட்ஃபீல்டின் வலது கை.

கிடார் வாசிப்பவர் சாதாரணமாகக் கம்பியை ஒருமுறை மேலிருந்து கீழே, அடுத்த முறை கீழிருந்து மேலே தட்டுவார். கைக்கு வேலை பாதியாகிறது. ஹெட்ஃபீல்ட் முடிந்தவரை எல்லாவற்றையும் கீழ்நோக்கியே அடிப்பார். அதோடு, சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரத்தைக் கம்பிகள் கிடார் உடம்பில் வந்து உட்காரும் இடத்தில் லேசாக அழுத்திக்கொள்வார். கம்பி அதிரத் தொடங்கும்போதே அதன் கழுத்தைப் பிடிப்பதுபோல. மணியோசை போல நீளவேண்டிய சத்தம் குறுகி, கரகரப்புக் கூட்டிய ஆம்பிளிஃபயர் வழியாக, உலக்கை உரலில் இறங்குகிற மாதிரி வெளிவரும். ஜக், ஜக், ஜக், ஜக். ஒவ்வொரு அடியும் ஒரே எடை. நிமிடத்துக்கு 200 தாளம், தாளத்துக்கு இரண்டு அடி என்றால் நொடிக்கு ஆறுக்கும் மேல். நம்பாவிட்டால் மேசை ஓரத்தில் ஒரு பேனாவை வைத்துக்கொண்டு கீழ்நோக்கி மட்டும் தட்டிப்பாருங்கள். ஒரு நிமிடத்தில் முன்கை இறுகும், இரண்டாவது நிமிடத்தில் பேனா பறக்கும். அவர் அதைச் செய்துகொண்டே பாடவும் செய்தார். பிரிட்டிஷ் மெட்டலின் சிக்கலான கிடார் வரிகளைப் பங்க் இசையின் வேகத்தில் ஓட்டினால் வருவதுதான் த்ராஷ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சுருக்கம் சரிதான். ஆனால் இரண்டையும் கட்டிப்போட்ட கயிறு இந்தக் கை. இதற்கு மட்டும் இரவல் கிடைக்காது, நீங்களே தட்டித்தான் ஆகவேண்டும்.

சரி, ஒலிப்பதிவுக்கு வருவோம். அதையும் அடுத்தவர் செலவில் செய்யுங்கள். ஒரு சிறு நிறுவனம் இவர்களை வைத்து ஒரு தட்டு போட நினைத்து 1982 ஜூலையில் ஸ்டுடியோ எடுத்துக் கொடுத்தது. ஏழு பாட்டு பதிவானது. கேட்டுவிட்டு அந்த நிறுவனம் பின்வாங்கியது. பதிவு நாடா மட்டும் பின்வாங்கவில்லை, குழுவிடமே தங்கிவிட்டது. 'நோ லைஃப் டில் லெதர்' என்று பெயரிட்டு அதைக் கேசட்டில் நகலெடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். 90 நிமிட வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொண்டுபோய் ரிக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தவர்களுக்கு இது புரியும். அங்கே கடையில்லாமல் தபாலிலேயே நடந்தது. ஒருவர் இன்னொருவருக்கு, அவர் நாலு பேருக்கு. நகலின் நகலில் இரைச்சல் ஏறிக்கொண்டே போகும், த்ராஷுக்கு அதனால் நஷ்டமில்லை. எவரும் காசு கொடுத்து வாங்காமலே அமெரிக்காவின் மறுகோடிக்கும் ஐரோப்பாவுக்கும் பெயர் போய்ச் சேர்ந்தது.

குழு நிலைபெற்றதும் சண்டை போட வேண்டும். ஒருநாள் மஸ்டைன் பயிற்சிக்குத் தன் நாயைக் கூட்டிவந்தார். நாய் ரானின் கார்மேல் காலை வைத்தது. ஹெட்ஃபீல்ட் நாயை உதைத்தார். மஸ்டைன் ஹெட்ஃபீல்டின் வாயில் குத்தினார். மஸ்டைன் நீக்கப்பட்டார். மறுநாள் சேர்த்துக்கொள்ளப்பட்டார். கார்க்காரரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பொரு நாள் மஸ்டைன் ரானின் பாஸ் கிடாருக்குள் பியரை ஊற்றினார்.

இதற்கிடையில் லார்ஸும் ஹெட்ஃபீல்டும் ட்ராமா என்ற குழுவின் கச்சேரிக்குப் போயிருந்தார்கள். அருமையான தனி கிடார் கேட்கிறதே என்று தேடினால், அதை வாசித்துக்கொண்டிருந்தது பாஸ் கலைஞர், கிளிஃப் பர்ட்டன். அகலக் கால்சட்டை, ஆடும் தலை, பாஸில், ஒலியை வளைத்து அழவைக்கும் வாவா பெடல். வா என்றார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் எனக்குப் பிடிக்காது, நீங்கள் என் ஊருக்கு வந்தால் சேர்கிறேன் என்றார். ஒரு ஆளுக்காக மூன்று பேர் ஊர் மாறினார்கள். 1982 டிசம்பரில் ரான் விலகினார். வீடு, வண்டி, கார்டு, ஷெட் எல்லாம் அவரோடு போயின. கவலைப்படவில்லை, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கம் எல் செரிட்டோவில் எக்ஸோடஸ் என்ற இன்னொரு குழுவின் மேலாளருடைய வீடு இருந்தது.

உங்கள் கேசட் எங்கே போய் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இவர்களுடையது நியூஜெர்சியில் ஒரு பழம்பொருள் சந்தைக்குள் இசைத்தட்டுக் கடை போட்டிருந்த ஜான் ஸஸுலாவின் காதில் விழுந்தது. அவர் 1,500 டாலர் அனுப்பிக் கிளம்பி வரச் சொன்னார். 1983 மார்ச் கடைசியில் வாடகை லாரி ஒன்றில் சாமான்களோடு சாமானாகப் பின்னால் படுத்துக்கொண்டு நாட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனார்கள். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மியூசிக் பில்டிங் என்ற பயிற்சிக்கூடத்தின் தரையில் தூக்கம். சூடாக்க வழியில்லாமல் சாசேஜைப் பச்சையாகத் தின்பதைப் பார்த்து, அதே கட்டடத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்த ஆந்த்ராக்ஸ் குழுவினர் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் சிறு அடுப்பும் கொண்டுவந்து கொடுத்தார்கள். வருங்காலப் போட்டியாளர்கள்!

ஏப்ரல் 11 காலையில் மஸ்டைனை எழுப்பி, நீ இனி இல்லை என்றார்கள். விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பேருந்து டிக்கெட்டைக் கையில் கொடுத்தார்கள். நாலு நாள் பயணம். பேருந்தில் கிடைத்த ஒரு துண்டுப் பிரசுரத்தில் அணுஆயுதம் பற்றிப் படித்த ஒரு சொல்லிலிருந்துதான் தன் அடுத்த குழுவுக்குப் பெயர் வந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார்: மெகாடெத். அதே நாளில் எக்ஸோடஸிலிருந்து கிர்க் ஹேமெட் வந்து இறங்கினார். கிடார் ஆசிரியர் ஜோ சாட்ரியானியிடம் பாடம் கேட்ட பையன். எக்ஸோடஸின் மேலாளர் வீட்டில் குடியிருந்துவிட்டு, அதே குழுவின் கிடார்க்காரரையும் எடுத்துக்கொள்வது இரவலிலேயே உயர்ந்த ரகம். முதல் ஆல்பத்தின் பத்துப் பாட்டில் நாலில் மஸ்டைன் பெயரும் இருக்கிறது. ஆளை அனுப்பிவிடலாம், ராகத்தை அனுப்ப முடியாது.

அந்த ஆல்பத்தை வெளியிட எந்த நிறுவனமும் முன்வராததால் ஸஸுலா கடனை உடனை வாங்கி மெகாஃபோர்ஸ் என்ற பெயரில் தானே ஒரு நிறுவனம் வைத்துக்கொண்டார். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் மே மாதம் பதிவு, ஜூலை 25 வெளியீடு. முதலில் வைத்திருந்த தலைப்பு விநியோகஸ்தர்கள் கடையில் வைக்க மறுத்த அளவுக்கு அசிங்கம். அந்தக் கடுப்பில் பர்ட்டன் சொன்ன வார்த்தைதான் 'கில் எம் ஆல்' என்ற தலைப்பு. மற்றக் குழுக்களும் இப்படித்தான் கரையேறின. ஸ்லேயர் என்ற குழுவின் முதல் ஆல்பத்துக்கு, மருத்துவமனையில் சுவாச சிகிச்சை நிபுணராக வேலை பார்த்த பாடகர் டாம் அராயாவின் சேமிப்பும் கிடார்க்காரரின் அப்பா கொடுத்த பணமும்தான் மூலதனம். 'த்ராஷ் மெட்டல்' என்ற பெயர் பத்திரிகையில் ஏறியதே 1984 பிப்ரவரியில்தான். பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு நடந்த பெயர்சூட்டு விழா.

1984 ஜனவரியில் பாஸ்டனில் கருவிகள் திருடு போயின, ஹெட்ஃபீல்டின் உயிரான மார்ஷல் ஆம்பிளிஃபயர் உட்பட. அடுத்த ஆல்பத்துக்குக் கோபன்ஹேகன் போனபோது கையில் அந்தச் சத்தம் இல்லை. தயாரிப்பாளர் ஃப்ளெமிங் ராஸ்மூசன் டென்மார்க் குழுக்களிடம் கிடைத்த மார்ஷல்களையெல்லாம் இரவல் வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். இரவில் பதிவு, பகலில் ஸ்டுடியோவிலேயே தூக்கம். 'ரைட் த லைட்னிங்' ஜூலையில் வந்தது, செப்டம்பரில் எலெக்ட்ரா என்ற பெரிய நிறுவனம் கையெழுத்து வாங்கியது. அதோடு இரவல் காலம் முடிந்தது. இந்தக் கையேடும் அத்தோடு முடிகிறது. காசு வந்த பிறகு என்ன செய்வது என்று சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

2009இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் மெட்டாலிகாவைச் சேர்த்தபோது கௌரவிக்கப்பட்டவர்கள் பட்டியலில் ரான் மெக்கவ்னி பெயர் இல்லை. அவர் விருந்தினராக உட்கார்ந்திருந்தார். 2011 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் குழுவின் 30ஆம் ஆண்டு விழாவில் அவரையும் மஸ்டைனையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள், வாசித்தார்கள். உங்கள் வீட்டு ஷெட்டில் யாராவது பயிற்சி செய்துகொண்டிருந்தால், மின்கட்டண ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.